மலையணிலிடம் பூ கேட்டது

ஆடி, புரட்டாசி, மார்கழி. இந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் எனக்கு அப்போது வேலை இருக்காது. ஸ்டூடியோவில் உட்கார்ந்து, பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு வரும் பிள்ளைகளின் தலையை நிமிர்த்திக்கொண்டிருக்கலாம். நான் கடையைச் சாத்திவிட்டுக் கொல்லிமலைக்கு ஏறிவிடுவேன். காட்டு உயிர்களைப் படம் எடுப்பவளாக நான் ஆனது இப்படித்தான். சின்ன வயதிலிருந்தே இயற்கை மீது தீராத காதல் என்று பேட்டியில் சொல்லலாம். யாரும் பேட்டி கேட்கவில்லை. பஞ்சாங்கம்தான் காரணம்.

கல்யாணத்துக்கும் காட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் காத்திருக்க வேண்டும், இரண்டு இடத்திலும் முக்கியமான நேரத்தில் யாராவது குறுக்கே வருவார்கள். மண்டபத்தில் அது மாப்பிள்ளையின் தாய்மாமன். காட்டில் இலை. ஆடி மாதத்து மலையில் இதோடு காற்றும் சாரலும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். லென்ஸைத் துடைத்து முடிப்பதற்குள் மறுபடி வேர்த்துவிடும். ஒரே ஒரு ஆறுதல், அணில்கள் தங்களைச் சிவப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்பதில்லை.

அணில் என்றால் வீட்டுக் கூரையில் ஓடும் அணில் இல்லை. மலையணில். பூனை அளவு இருக்கும், வால் அதைவிட நீளம், முதுகு கருஞ்சிவப்பு, வயிறு மோர் நிறம். உச்சிக் கிளைகளிலேயே பிறந்து அங்கேயே குடும்பம் நடத்தும். மலைக்காரர்கள் திண்ணனூர் நாடு என்று சொல்லும் பகுதியில் ஒரு சிற்றூருக்குப் போகும் பாதையில், கோயில் காட்டின் ஓரமாக ஒரு பெரிய நாவல் மரம் நின்றது. அதில் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. சில வருடங்களாக அந்த ஜோடியை நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்தவற்றில் பெரும்பாலும் வால்தான் இருந்தது. இலைக்குப் பின்னால் ஒரு காது, கிளைக்கு மேலே ஒரு கால், அப்புறம் வால், வால், வால். ஆனாலும் விட மனசு வரவில்லை.

மரத்துக்கு எதிரே மேட்டில் ஒரு விவசாயியின் தோட்டம். மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. நான் முதல் தடவை அவர் வரப்பில் டிரைபாடை நட்டபோது, அவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, இந்த அணிலப் போட்டோ புடிச்சு ஆருக்குங்க குடுப்பீங்க?”

“ஆருக்கும் இல்லீங்க.”

“அப்ப காசு ஆரு குடுப்பாங்க?”

“ஆரும் குடுக்க மாட்டாங்க.”

அவர் என் லென்ஸைப் பார்த்தார். கீழே நிறுத்தியிருந்த என் காரைப் பார்த்தார். “ஊட்டுல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே?” என்றார். பிறகு வீட்டுக்கு அழைத்துப்போய், அவித்த மரவள்ளிக் கிழங்கும் டீயும் கொடுத்தார். அன்றிலிருந்து நான் மலை ஏறினால் அந்த வீட்டில்தான் சாப்பாடு. கீழேயிருந்து நான் ஏதாவது பலகாரம் வாங்கிப்போவேன். அவர் மனைவி அதை வாங்கி வைத்துவிட்டு, நான் இறங்கும்போது அதைவிடக் கனமாகப் பலாப்பழத்தையோ வாழைத்தாரையோ காரில் ஏற்றிவிடுவார்.

மரத்தால்தான் எனக்கும் அவருக்கும் சிக்கல் வந்தது.

ஊருக்கு வரும் மண் பாதை அந்த நாவல் மரத்தடியில் ஒரு வளைவு திரும்புகிறது. ஒரு பக்கம் மரம், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். பைக் போகும். கார் போகாது. ஜீப் போகாது, ஆம்புலன்ஸ் கண்டிப்பாகப் போகாது. நானும் வளைவுக்கு முன்பே காரை நிறுத்திவிட்டு நடந்துதான் போவேன். மரத்தை எடுத்துவிட்டால் வண்டி ஊருக்குள்ளேயே வந்துவிடும். இதை ஊர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கும் அவசரம் அவர் வீட்டில் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

அவருக்கு ஒரே மகள். முதல் பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்தவளுக்கு, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அதில் அவளைப் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்கள். வண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறது. அதில் ஏற்றுவதற்குள் நேரமாகிவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை. இப்போது அவள் மறுபடி மாசமாக இருந்தாள். புரட்டாசியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆகவே மரம் போக வேண்டும் என்பது அவர் பக்கம். மரத்தில் கூடு இருக்கிறது என்பது என் பக்கம். என் பக்கம் எவ்வளவு இளைத்துப்போனது என்பது எனக்கே தெரியும். ஒரே ஜோடி மலையணில்கள் அங்கங்கே சில கூடுகள் கட்டிவைக்கும் என்றும் தெரியும். தெரிந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, “மரத்தக் கொஞ்சம் ஒதுக்கிப் பாதைய வளைக்க முடியாதுங்களா?” என்று கேட்டுவிட்டேன். “வளைக்கலாமுங்க. பள்ளத்துல விழுந்து எந்திரிச்சு வரோணும்” என்றார். கோபமெல்லாம் இல்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

வெட்டுவதற்கு ஆபீஸ் உத்தரவெல்லாம் வந்துவிட்டது. சாமி உத்தரவுதான் பாக்கி. கோயில் காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள், விறகுக்கு அல்லாடும் மழைக்காலத்திலும் எடுக்க மாட்டார்கள். முழு மரத்தைச் சாய்ப்பதென்றால் பூ கேட்டாக வேண்டும். எங்கள் பக்கத்திலும் இது உண்டு. சாமி கல்லின் தலையில் ஒரு பூவை வைத்துவிட்டு நிற்பார்கள். பூ தானாக விழ வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சரி. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். விழாமலே இருந்தால் சாமிக்கு இன்னும் யோசனை தீரவில்லை என்று அர்த்தம். அந்த ஊரில் ஒரு காரியத்துக்கு ஆடியில் ஒரே தடவைதான் கேட்பார்கள். சரியாக வராவிட்டால் அடுத்த ஆடிதான். அடுத்த ஆடி வரை குழந்தை காத்திருக்காது.

பூ கேட்கிற அன்று நான் அங்கே இருந்தேன். வேண்டுமென்றே போனேன் என்றும் சொல்லலாம்.

அந்தக் காட்டுக்குள் பெண்கள் போகக் கூடாது. எல்லையில் ஒரு கல் நட்டிருக்கிறது, அதோடு நின்றுவிட வேண்டும். இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. கேட்பவர்கள் யாரும் இல்லாததால் வெளியே நின்றேன். என் பக்கத்தில் அந்த விவசாயியின் மகள் நின்றாள், ஒரு கை இடுப்பில், ஒரு கை கல்லின் மீது. யாருடைய பிரசவத்துக்காகப் பூ கேட்கிறார்களோ அவளும், அந்தப் பூ விழக் கூடாது என்று நினைக்கிற நானும், ஒரே குடையின் கீழ் நின்றுகொண்டிருந்தோம். குடை அவளுடையது.

உள்ளே பூசாரியும் அவள் அப்பனும் ஊர் ஆண்களும், செருப்பில்லாத காலோடு, சட்டை இல்லாத உடம்போடு நின்றார்கள். மண்டப வாசலுக்கும் மேடைக்கும் இருக்கிற தூரம்தான் இருக்கும். பூசாரி கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, தலையில் ஒரு செவ்வரளியை வைத்தார். கற்பூரம் காட்டினார். எல்லோரும் கண்ணை மூடிக் கை கூப்பினார்கள். பெண்களின் கால்தான் உள்ளே போகக் கூடாது. லென்ஸைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

பூ விழவில்லை.

காற்று வந்தது, மேலே எல்லாம் ஆடியது, பூ ஆடவில்லை. ஒரு கிழவர் இருமினார். பூசாரி வாய்க்குள் ஏதோ கெஞ்சினார், அப்புறம் கொஞ்சம் அதட்டினார். எனக்கு விலங்குகளுக்காகக் காத்திருந்து பழக்கம் உண்டு. ஒரு பூவுக்காக அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. விழாதே, விழாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவள் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

அப்போதுதான் அணில் வந்தது. நாவல் மரத்தின் ஒரு கிளை நீண்டு, சாமி கல்லுக்கு மேலே வந்து தொங்கும். அந்தக் கிளைக்கு இறங்கி, பின்னங்காலில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் ஒரு நாவல்பழத்தைப் பிடித்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தது. முகம் முழுசாகத் தெரிந்தது. இலை இல்லை, கிளை இல்லை, தாய்மாமன் இல்லை. இத்தனை வருடமும் கொடுக்காத முகத்தை அன்றைக்குக் கொடுத்தது. நான் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். சட்டென்று எல்லாம் படத்துக்குள் வரட்டும் என்று லென்ஸைப் பின்னுக்கு இழுத்தேன். மேலே அணில், கீழே கல், சுற்றிலும் கண் மூடிய ஆண்கள். அணில் தின்று முடித்துக் கொட்டையைக் கீழே விட்டது.

“உழுந்துருச்சு! வலப்பக்கம்! வலப்பக்கம்!”

கண்ணைத் திறந்தவர்களிடையே ஒரே கூச்சல். அவள் அப்பன் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். என் பக்கத்தில் அவள் கல்லைப் பிடித்திருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் கேமராவின் பின்பக்கம் பார்த்தேன். ஒரு படத்தில் கொட்டை அணிலின் கைக்குக் கீழே அந்தரத்தில் இருக்கிறது. அடுத்ததில் பூவின் மீது இருக்கிறது. அதற்கடுத்ததில் பூ கல்லின் தோளில் சரிந்திருக்கிறது. அணில் கீழே எட்டிப் பார்க்கிறது, என்ன சத்தம் என்பது மாதிரி.

நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அது. அதை நன்றாகப் பார்ப்பதற்குள்ளேயே இன்னொன்றும் புரிந்துவிட்டது. பூ தானாக விழவில்லை. இதைக் காட்டினால் உத்தரவு செல்லாது. அடுத்த ஆடிதான். மரம் இன்னொரு வருடம் நிற்கும். என் கையில் அவ்வளவும் இருந்தது, கூடவே பிரசவத்துக்கு நின்ற ஒரு பெண்ணும் இருந்தாள்.

“காட்டுங்க்கா” என்றாள்.

காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும், அவளுக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. கேமராவைப் பிடுங்கி அழித்துவிட்டால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். எந்தப் பொத்தான் என்று காட்டிக்கூடக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவள் அணிலின் முகத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நாயம்தானுங்க்கா” என்றாள். “ஊடு அதோடதுதானே? அதுகிட்டத்தான் கேக்கோணும். அதே வந்து சரின்னுட்டுப் போயிருக்குது.”

தீர்ப்பு சொன்னவளுக்கு அந்தத் தீர்ப்பில் ஆதாயம் இருந்தது. ஆனாலும் அதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. சரி, இத்தோடு விட்டுவிடலாம் என்று கேமராவை அணைக்கப் போனேன். அவள் விடவில்லை.

“அப்பங்கிட்டயும் பூசாரிகிட்டயும் காட்டோணுமுங்க்கா.”

“எதுக்குக் கண்ணு? அவங்க ஏதாச்சும் சொல்லிட்டா?”

“சொன்னாச் சொல்றாங்க. மறைச்சு வெச்சுட்டுப் பெத்துக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குது.”

ஆண்கள் வெளியே வந்ததும் அவளே கேமராவைக் கொண்டுபோய் நீட்டினாள். தலைகள் கூடின. நான் எதிர்பார்த்தது ஒரு பெரிய விவாதம். விவாதம் வந்தது. “இதுல எனக்குக் கண்ணு மூடியிருக்குதே” என்றார் பூசாரி. “எல்லாருக்குந்தானுங்க மூடியிருக்குது” என்றேன். ஆளாளுக்குத் தன் முகத்தைத் தேடிப் பெரிதாக்கினார்கள். ஒருவர் தொப்பையை எக்கியிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். இருமிய கிழவர் தன்னைக் காணோம் என்று கோபித்துக்கொண்டார். அணிலைப் பார்க்க யாரும் அவசரப்படவில்லை. என் வாழ்க்கையின் நல்ல படத்தை அவர்கள் ஒரு குரூப் போட்டோவாகப் பார்த்து முடித்தார்கள்.

அவள் அப்பன்தான் கடைசியில் மேலே நகர்த்தி அணிலைப் பார்த்தார், கொட்டையைப் பார்த்தார். “ஏனுங்க பூசாரி, இது…” என்றார். பூசாரி வாங்கிப் பார்த்தார்.

“காத்துத் தள்ளுனா சாமின்னு ஒத்துக்கறோம். ஒருக்கா பல்லி தள்ளுச்சு, அதையும் ஒத்துக்கிட்டோம். அணிலுக்கு மட்டும் என்னங்க கொறச்சல்?” பிறகு என் பக்கம் திரும்பினார். “அம்மிணி எல்லையத் தாண்டாம எப்படீங்க இத்தன கிட்டத்துல புடிச்சீங்க?”

அதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். என் கால் கல்லுக்கு வெளியேதான் இருந்தது. லென்ஸைக் காட்டி, கேமராவைப் பூசாரியின் கண்ணிலும் வைத்து, தூரத்துக் கிளையைப் பக்கத்தில் காட்டினேன். அவர் அதில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கண்ணு மட்டும் உள்ள போனாப் பரவாயில்லீங்க” என்று தீர்த்துவைத்தார்.

உடனே வெட்டவில்லை. கூட்டில் குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். அவள் அப்பனே ஒரு ஆளை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். குட்டி இல்லை. அதற்கப்புறம் ஒருநாள் மரத்தைச் சாய்த்தார்கள். நான் இல்லை. ஆவணியில் முகூர்த்தங்கள் வந்துவிட்டன, நான் கீழே மண்டபங்களில் மாலை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அப்பன் போனில் சொன்னார். “ஆச்சுங்க” என்றார். “சரிங்க” என்றேன். அன்று ரிசப்ஷனில் மணமக்களைச் சிரிக்கச் சொல்லும்போது என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

புரட்டாசி பிறந்ததும் அணில்களைத் தேடிக்கொண்டு போனேன். வேறு கூட்டுக்குப் போயிருக்கும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, நான் பார்க்கவில்லை. காட்டின் ஓரம் முழுவதும் அண்ணாந்து பார்த்து நடந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். கார் அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. முதல் தடவையாக வாசல் வரை ஓட்டிப் போயிருந்தேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, காலையில் வரப்பில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா ஓடி வந்தார். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. இந்தத் தடவையும் வலி முந்திவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியாயிற்று, ஏறி வர நேரமாகும் என்றார்கள். “சாவி எங்கீங்க அம்மிணி?” என்றார் பின்னாலேயே வந்த அவள் அப்பன். என் கழுத்தில் கேமராவோடுதான் அதுவும் தொங்கிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் அவளும் அம்மாவும். முன்னால் அவர், கையைக் கதவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி. அவள் கத்தவில்லை. முனகும்போதெல்லாம், “அழுத்துங்க்கா, அழுத்துங்க” என்றாள். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சாரலில் மண் சறுக்கியது. வளைவு வந்தது. மரம் இருந்த இடத்தில் சிவப்பு மண் கொட்டி நிரவியிருந்தார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கார் ஒரே வீச்சில் திரும்பியது. நிறுத்தவில்லை, பின்னுக்கு எடுக்கவில்லை, யாரையும் இறக்கவில்லை.

மரம் அங்கே இல்லையே என்று சந்தோஷப்பட்டேன். உடம்பெல்லாம் சிலிர்க்கிற மாதிரி ஒரு சந்தோஷம். மரம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவளும் நான்தான்.

தார் ரோட்டில் ஏறிச் சோளக்காடு என்ற ஊர்ப் பக்கம் போகும்போது எதிரே ஆம்புலன்ஸ் வந்தது. ரோட்டிலேயே அவளை மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு அதன் பின்னாலேயே போனேன். உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுத சத்தம் வெளியே கேட்டது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அழுவுதுங்க, அழுவுதுங்க” என்றார். நானும் அழுதுகொண்டிருந்தேன்.

பையன். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். தாத்தாவாகிவிட்ட அவள் அப்பன் வாங்கிக்கொண்டு, மூச்சு விடுகிறானா என்று காதை வைத்துப் பார்த்தார். விட்டுக்கொண்டுதான் இருந்தான். அவர் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அணிலு தென்பட்டுச்சுங்களா அம்மிணி?”

“இல்லீங்க.”

அவர் குழந்தையின் நெற்றியில் துணியை ஒதுக்கிவிட்டார். “அதோட ஊட்ட எடுத்துட்டுத்தானுங்க இவன் வந்திருக்கறான்” என்றார். குறை சொல்கிற மாதிரியும் இல்லை, மனசு கஷ்டப்பட்டும் இல்லை. அப்படியே உள்ளதைச் சொன்னார்.

“ஆமாங்க” என்றேன். அவர் குழந்தையை என் கையில் கொடுத்தார்.